கடைசிப் பெயரை அடித்த நாள்

நான் ஓய்வு பெற்று நான்கு வருடங்கள் ஆகின்றன. கணிதத் துறையிலிருந்து யாராவது கூப்பிட்டால், பெரும்பாலும் பழைய வினாத்தாள் எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிடுவார்கள். சென்ற மாதம் கூப்பிட்ட இளம் ஆசிரியை வேறு ஒன்று கேட்டாள். கருத்தரங்குக்கு அனுப்ப ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்க, துறையில் எல்லோரும் கைப்பேசியிலேயே வரிசைப்படுத்தி ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் ஒரு மாணவன் விலகிக்கொண்டான். அவன் பெயரை நீக்கியதும் செயலி தானாகவே மறுபடி எண்ணி, முதலில் இருந்தவனை இரண்டாவதாக்கிவிட்டது.

"ஏனுங்க மேடம், இது சாப்ட்வேர்ல தப்புங்களா? விலகுனவன் கடைசியில இருந்தவனுங்க. அவன் போனா மேல இருக்கறவனுக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

"சாப்ட்வேர்ல தப்பில்ல அம்மணி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் விடவில்லை. ஏன் தப்பில்லை என்பதைத் துறை மலருக்கு எழுதித் தரும்படி மறுநாளும் கேட்டாள். எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்த்தது கணக்கை. நான் எழுதப் போவது அந்தக் கணக்கை வைத்து நான் செய்த காரியத்தை.

நான் கருமத்தம்பட்டிக்காரி. வீட்டை ஒட்டித் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் படித்து வளர்ந்ததால் இன்றைக்கும் அமைதியான அறையில் உட்கார்ந்தால் எனக்குக் கணக்கு ஓடாது. கோவையில் படித்த கல்லூரியிலேயே வேலை கிடைத்தது. வேலையில் இருந்துகொண்டே ஏழு வருடம் இழுத்து முனைவர் பட்டம் வாங்கினேன். தலைப்பு, ஓட்டுப் போடும் முறைகளைப் பற்றிய கணித ஆராய்ச்சியின் வரலாறு. "கணக்குல எங்கம்மா எலெக்‌ஷன் வந்துச்சு? கவுன்சிலருக்கு நிக்கப் போறயா?" என்று அப்பா கடைசிவரை கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தலைப்பைக் கொடுத்தவர் எங்கள் துறைத் தலைவர் நஞ்சப்பன் சார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவர் ஊர்ச் சங்கத் தேர்தல் ஒன்றில் மூன்று பேர் நின்று, ஊரில் பாதிப் பேருக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன ஆள் தலைவராகிவிட்டாராம். இது எப்படி நடக்கும் என்று தேடப் போனவர், பழைய கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து ஒரு இரும்புப் பெட்டி நிறைய வைத்திருந்தார். ஒரு நாள் அந்தப் பெட்டியை என் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கச் சொல்லிவிட்டு, "இத யாராச்சும் ஒழுங்கா எழுதோணுமுங்க ஸ்டெல்லா. எனக்குப் பொறுமை பத்தலைங்க" என்றார். பொறுமையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று தெரிந்து செய்த வேலை அது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன், பாரிசில் அறிஞர் சபை ஒன்று தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் குழம்பியது. அந்தச் சபையில் கப்பற்படைப் பொறியாளர் ஒருவர் இருந்தார். ஒவ்வொருவரும் வேட்பாளர்களை வரிசைப்படுத்தட்டும், மேலே இருப்பவருக்கு அதிகப் புள்ளி, கீழே இறங்க இறங்கக் குறைவு, எல்லாவற்றையும் கூட்டுவோம் என்றார் அவர். அதே சபையில் இருந்த பிரபு ஒருவர் இதை ஏற்கவில்லை. இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம் என்றார். புரட்சியில் ஒளிந்து திரிந்து பிடிபட்டு அந்தப் பிரபு சிறையில் இறந்தார். பிறகு எண்பது வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு கல்லூரிக் கணக்கு வாத்தியார் தன் கல்லூரிக்குள் நடந்த தேர்வுகளைப் பார்த்துக் கடுப்பாகி இதையெல்லாம் தானாகவே மறுபடி கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி மாணவர், நாம் நியாயம் என்று நினைக்கும் நாலைந்து நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை எதுவுமே இருக்க முடியாது என்று நிரூபித்தே விட்டார்.

அந்த நிபந்தனைகளில் ஒன்று, இருவரில் யார் மேல் என்ற தீர்ப்பு மூன்றாமவர் வருவதாலோ போவதாலோ மாறக் கூடாது என்பது. கேட்டால், இதையெல்லாமா ஒரு நிபந்தனை என்று எழுதி வைப்பார்கள் என்று தோன்றும். புள்ளி முறை வழுக்கி விழும் இடம் இதுதான். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். வருடா வருடம் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்றும் உண்டு. வேண்டியவரை மேலே ஏற்ற, அவருக்குப் பலமான போட்டியாளரை ஆட்கள் வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவார்களே என்று அந்தக் கப்பற்படைக்காரரிடம் கேட்டார்களாம். என் முறை யோக்கியர்களுக்கானது என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும், இதெல்லாம் விடுங்கள் மேடம், நம் குடவோலை முறையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒருவர் எழுந்திருப்பார். அது சீட்டுக் குலுக்கல் ஐயா, அதில் வரிசையும் இல்லை புள்ளியும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சீட்டுக் குலுக்கியிருந்தால் எத்தனையோ மேல் என்று பின்னால் நான் நினைத்தது வேறு விஷயம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. அதுவரை நிர்வாகத்தில் யாரோ ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். நஞ்சப்பன் சாருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. போவதற்குள் ஒரு தேர்வையாவது முறையாக நடத்திவிட வேண்டும் என்று நிர்வாகத்திடம் போராடி அனுமதி வாங்கினார். ஐந்து பேர் கொண்ட குழு: அவர், நான், துறையில் இன்னும் இருவர், வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர். கடைசிச் சுற்றில் மூன்று வேட்பாளர்கள். ஒவ்வொருவரும் மூவரையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு இரண்டு புள்ளி, அடுத்ததற்கு ஒன்று, கடைசிக்குச் சுழியம்.

"விதி எழுதறது நீங்கதானுங்க. இந்த ஜில்லாவுலயே உங்களுக்குத்தான் இது தெரியும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்பு முதல்முறையாக ஒரு வேலைக்குப் பயன்படப் போகிறது. ஒரே பக்கத்தில் ஆறு விதிகள் எழுதினேன். சமமாக வந்தால் என்ன, சீட்டை வெறுமையாக விட்டால் என்ன, அடித்துத் திருத்தினால் என்ன என்று எல்லாம் எழுதினேன். வேட்பாளர்களுக்கும் நேர்காணல் கடிதத்தோடு ஒரு நகல் போனது. எண்ணி முடித்த பிறகு ஒருவர் விலகினால் என்ன செய்வது என்று மட்டும் நான் எழுதவில்லை. நான்காம் அத்தியாயம் முழுக்க அதையே எழுதியவளுக்கு அந்த ஒரு வரி தோன்றவில்லை.

மூவரில் கோமதி தாராபுரத்துப் பெண். என் பழைய மாணவி. ஒன்பது வருடமாக எங்கள் துறையிலேயே தற்காலிக ஆசிரியை. பின்வரிசைப் பையன்களுக்குப் புரியும்வரை மூன்று விதமாகச் சொல்லிக் கொடுப்பாள். அந்த வருடத்தோடு எங்கள் கல்லூரியின் வயது வரம்பு அவளுக்கு முடிந்தது. இந்த இடம் கிடைக்காவிட்டால் இனி எங்கள் கல்லூரியில் வேலையே இல்லை, தற்காலிகமாகக்கூட. இரண்டாமவர் விவேக், புதிதாக முனைவர் பட்டம் வாங்கிய கெட்டிக்காரப் பையன். மூன்றாவது பர்வீன், மேட்டுப்பாளையத்துப் பெண். நல்ல பெண், ஆனால் மாதிரி வகுப்பில் பதறிப்போய் ஒரே கணக்கை மூன்று முறை அழித்தாள்.

நஞ்சப்பன் சார் எண்ணும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து சீட்டையும் ஒரே தாளிலிருந்து, அடிக்கோலை வைத்து அவரே கிழிப்பார். மூன்று பெயர்களும் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும். நாம் புள்ளியை மட்டும் போட வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே நிற மையில் ஐந்து பேனா. சீட்டை ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுதுவார். முடிந்ததும் படித்தவர் எழுதுவார், எழுதியவர் படிப்பார். இரண்டு தாளும் ஒத்துப்போகும்வரை அறையில் யாரும் கூட்டுத்தொகையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "எண்ணறவங்க ஒருத்தராவும், நம்பறவங்க ஒருத்தராவும் இருக்கக் கூடாதுங்க. ரெண்டு பேருமே எண்ணோணும்" என்பார். பியூனையும் மாணவனையும் வாங்க போங்க என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, 'ங்க' மட்டும் கூடும். ஒரு வாக்கியத்தில் நான்கு 'ங்க' வந்தால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை மதியம் நேர்காணல் முடிந்து சீட்டு கையில் வந்தது. கோமதிக்கு இரண்டு என்று போட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த எண்ணில் பேனா நின்றது. பர்வீனைவிட விவேக் பல மடங்கு மேல் என்று எனக்குத் தெரியும். ஆனால் மற்றவர்கள் விவேக் பக்கம் சாய்வது நேர்காணலிலேயே தெரிந்துவிட்டது. நான் விவேக்குக்குக் கொடுக்கும் ஒரு புள்ளி கோமதியைக் கவிழ்த்துவிடலாம். பர்வீனுக்கு ஒன்று, விவேக்குக்குச் சுழியம் என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். அந்தத் தந்திரத்தை இருநூறு வருட வரலாற்றோடு தெரிந்துவைத்திருந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

கூட்டுத்தொகை வந்தது. கோமதி ஏழு, விவேக் ஆறு, பர்வீன் இரண்டு. ஒரே ஒரு புள்ளி. ஐவரும் கையெழுத்துப் போட்டோம். சீட்டுகளை நூலால் கட்டி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் கையெழுத்து. திங்கட்கிழமை பட்டியல் நிர்வாகத்துக்குப் போகும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நான் விட்டேன். அன்று மாலை காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த கோமதியைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "உனக்குத்தான் கண்ணு" என்றதோடு நிறுத்தியிருக்கலாம். என் முறையின் பெருமையில், ஏழு, ஆறு, இரண்டு என்று கூட்டுத்தொகை முதற்கொண்டு சொல்லிப்போட்டேன். அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பஸ் போயிற்று.

மறுநாள் காலை போன் செய்தாள். "மேடம், பர்வீன் கூப்பிட்டாங்க. அவங்களுக்கு கவர்மெண்ட் வேலை ஆர்டர் வந்துருச்சுங்களாம். திங்கக்கிழமை விலகிக்கறேன்னு லெட்டர் குடுக்கறாங்களாம். அதனால எனக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?"

"அவ கடைசி. கடைசி ஆளு போனா முதல் ஆளுக்கு என்ன?" என்றேன்.

"இல்லைங் மேடம், திருப்பூர்ல ஒரு ஸ்கூல்ல மேக்ஸ் டீச்சருக்கு எடுத்திருக்காங்க. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சேர்றனா இல்லையான்னு சொல்லோணும். அதான் உங்களக் கேட்டுக்கலாம்னு."

"வேண்டாம்னு சொல்லு. எதுக்கு அவங்கள இழுத்தடிக்கற?"

சொல்லிவிட்டு மேற்கொண்டு பால் காய்ச்சினேன். ஒரு கணம்கூட எனக்கு உறுத்தவில்லை. க, ங, ச என்று கரும்பலகையில் இருந்திருந்தால் பாதித் தூக்கத்திலும் பதில் சொல்லியிருப்பேன். கோமதி, விவேக், பர்வீன் என்று ஆட்களாக வந்தபோது எனக்கு அது கணக்காகவே தெரியவில்லை.

திங்கட்கிழமை பர்வீனின் கடிதம் வந்தது. அலுவலகக் கண்காணிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு துறைக்கே வந்தார். "சார், விலகுனவங்க பேரோட லிஸ்ட் மேல போனா திரும்பி வந்துருமுங்க. அந்தப் பேர அடிச்சுப்போட்டு ஒருக்கா மறுபடியும் எண்ணிக் குடுத்துருங்க. கடைசிப் பேருதானுங்களே, ஒண்ணும் மாறப் போறதில்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உறையைப் பிரித்தோம். இருவர்தான் என்பதால் மேலே இருப்பவருக்கு ஒன்று, கீழே இருப்பவருக்குச் சுழியம். சார் பர்வீன் பெயரின் மேல் அடிக்கோலை வைத்து ஒரே கோடாக அடித்துவிட்டுப் படித்தார், நான் எழுதினேன். முதல் சீட்டில் விவேக் மேலே. இரண்டாவதிலும் விவேக். மூன்றாவதையும் விவேக் என்று அவர் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மீதி இரண்டும் கோமதிக்கு. ஐந்து பேரில் மூன்று பேருக்கு விவேக்தான் மேல். வெள்ளிக்கிழமை கோமதி ஜெயித்தது, என் சீட்டும் இன்னொரு சீட்டும் விவேக்கைப் பர்வீனுக்கும் கீழே தள்ளியதால். பர்வீன் போனதும் அந்தத் தள்ளலுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. மூன்று, இரண்டு.

ஆளை மாற்றி எண்ணினோம். மறுபடியும் அதே மூன்று, இரண்டு. வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், இதென்ன மாயம் என்று சிரித்தார். சார் சிரிக்கவில்லை. எல்லோரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"விதியில இதுக்கு வழி இல்லீங்களே" என்றார்.

"இல்லீங் சார்."

"இல்லைங்கறது எனக்குத் தெரியுமுங்க. எழுதுனவங்க நீங்க. எழுதும்போது உங்க மனசுல எது இருந்துச்சு? வெள்ளிக்கிழமை போட்ட லிஸ்ட் முடிஞ்ச லிஸ்ட்டுன்னு நீங்க சொன்னா, நான் அதுக்கு நின்னு பேசறேனுங்க. நிர்வாகத்துக்கிட்டயும் பேசறேன். இல்ல, இன்னைக்கு எண்ணுனதுதான் சரின்னா அதையே அனுப்பலாமுங்க. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்ல நியாயங்கள் இருந்தன. கையெழுத்தாகி உறையிட்ட பட்டியல் முடிந்த பட்டியல். எல்லோரும் மூவரை மனதில் வைத்துத்தான் வரிசைப்படுத்தினோம், அந்த வரிசைக்கு மரியாதை உண்டு. இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது அவர் ஐந்து சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் இரண்டு எழுதினால் அடியில் சுழித்துத்தான் எழுதுவேன். முப்பது வருடமாக அவர் பார்த்த எழுத்து.

"நீங்க சொல்றதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. இந்தச் சீட்டு மனசுல இருந்தத எழுதுன சீட்டுத்தானுங்களே?"

குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஆமாம் என்று நான் சொல்லிவிட்டால் போதும் என்று அவர் காத்திருந்ததாகவே இன்றும் எனக்குப் படுகிறது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒப்புக்கொண்டு, அப்படியும் வெள்ளிக்கிழமைப் பட்டியல்தான் சரி என்று வாதாடியும் இருக்கலாம். என்னால் இரண்டும் முடியவில்லை. அந்தப் பட்டியலைத் தாங்கிப் பேச எனக்கு முகம் இல்லை. அதில் கோமதி முன்னால் நின்ற ஒற்றைப் புள்ளி என் பொய்ப் புள்ளிதானே என்று நினைத்தேன்.

"இன்னைக்கு எண்ணுனதையே அனுப்பிரலாமுங் சார்" என்றேன்.

"ஏனுங்க?"

"மூணு பேருக்கு விவேக்தானுங்க மேல."

சார் சீட்டுகளை மறுபடி நூலால் கட்டினார். வெகுநேரம் முடிச்சுப் போட்டார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள், கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அன்று மதியமே கோமதிக்குச் செய்தி போய்விட்டது. திருப்பூர்ப் பள்ளியில் சனிக்கிழமையே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவள் துறைக்கு வந்தாள். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாள். மாணவர்களின் உள்தேர்வு மதிப்பெண் பட்டியலை முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்தாள். "நீங்கதானுங்களே மேடம் சொன்னீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றாள். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "சரிங்க மேடம், வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாரேன் என்று சொல்லிப் போனவள் திரும்பி வரவே இல்லை.

மறுவாரம் ஏழாவது விதியை எழுதினேன். பட்டியல் கையெழுத்தான பின் எவர் விலகினாலும் மற்றவர்களின் வரிசை மாறாது. ஒரே வரி. எழுத இரண்டு நிமிடம் ஆயிற்று.

விவேக் நல்ல ஆசிரியராக ஆனார். என் பிரிவுபசார விழாவில் என்னைப் பற்றி மனதாரப் பேசினார். அவர் மேல் ஒரு குறை சொல்ல முடியாதது எனக்குக் கூடுதல் கஷ்டம். நஞ்சப்பன் சார் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. போகும் நாளில் இரும்புப் பெட்டியின் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். ஐந்து வருடம் முன்பு அவர் இறந்துபோனார். நான்காம் அத்தியாயத்தை அந்தத் தேர்வுக்குப் பிறகு நான் வகுப்பில் நடத்தவில்லை, வேறு ஆளிடம் தள்ளிவிட்டேன்.

போன தை மாதம் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்து வரும்போது ஒரு உரக்கடையின் கல்லாவில் கோமதி உட்கார்ந்திருந்தாள். கணவரின் கடை. நான் பார்க்காத மாதிரிப் போய்விட நினைத்தேன். அதற்குள் அவள் இறங்கி வந்துவிட்டாள். "ஏனுங்க மேடம், ஊட்டுக்கு வராம போறீங்க?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தாள். தலை நரைத்திருந்தது. வகுப்பு எடுக்கிறாயா, ட்யூஷனாவது உண்டா என்று கேட்டேன். "எதுவும் இல்லீங்க. ஆரம்பத்துல ஆசையா இருந்துச்சு, அப்புறம் உட்டுப்போட்டேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தை எடுத்து வைத்தாள். "நீங்க அன்னைக்கு ஏழு, ஆறு, ரெண்டுன்னு சொன்னீங்க. அப்புறம் மூணுக்கு ரெண்டுல போச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இந்த ரெண்டு கணக்கும் ஒத்து வரோணும்னா அஞ்சு சீட்டும் ஒரே ஒரு மாதிரிதானுங்க இருக்க முடியும். வேற எப்படிப் போட்டாலும் வராது, பார்த்துட்டேன். மூணு பேரு விவேக், நான், பர்வீன்னு போட்டிருக்காங்க. எனக்குப் போட்ட ரெண்டு பேருமே விவேக்கக் கடைசியில போட்டிருக்காங்க."

நான் தாளைப் பார்த்தேன். நிரூபணம் நான்கே வரி. கூட்டுத்தொகைகளிலிருந்து சீட்டுகளைத் திருப்பி எடுக்கும் அந்த வழியை என் ஆய்வேட்டில் நான் எங்கும் எழுதவில்லை. எழுதத் தெரிந்த ஒருத்தியை நாங்கள் வெளியே அனுப்பியிருக்கிறோம்.

"பர்வீன் வகுப்பப் பார்த்தவங்க யாரும் விவேக்க அவங்களுக்குக் கீழ போட மாட்டாங்க. எனக்காகப் போட்டதுதானுங்க அது. அதுல ஒண்ணு உங்களதுங்களா?"

ஆமாம் என்றேன். மற்றது யாருடையது என்று எனக்கு இன்றும் தெரியாது என்றும் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தி சார் கேட்டது, சீட்டைத் திருப்பி வைத்தது, நான் வாயை மூடிக்கொண்டது எல்லாம். அந்த ஏழாவது புள்ளி என் பொய்யால் வந்தது, அதை வைத்து உனக்காக வாதாட எனக்கு முகம் இல்லாமல் போயிற்று, மன்னித்துவிடு என்றேன். அழுதுவிட்டேன். கடையில் யூரியா கேட்டு வந்தவர் ஓரமாகத் தள்ளி நின்றார்.

கோமதி அழவில்லை. பில்லைத் தன் பக்கம் இழுத்து, கீழே இன்னும் இரண்டு வரி எழுதினாள்.

"எனக்கு வந்த ஏழு, பொய் இல்லீங்க மேடம். எனக்கு நீங்க குடுத்த ரெண்டு நெசந்தானுங்களே. விவேக்குக்குக் குடுக்க வேண்டிய ஒண்ணத்தான் பர்வீனுக்குக் குடுத்திருக்கீங்க. நேரா எழுதியிருந்தா விவேக்குக்கு ஆறும் ஒண்ணும் ஏழு. எனக்கும் ஏழு. சமமுங்க." பேனாவால் அந்த இடத்தைத் தொட்டாள். "சமமா வந்தா அதிக வருஷம் பாடம் எடுத்தவங்களுக்குன்னு உங்க விதியிலயே இருந்துச்சுங்களே. வெள்ளிக்கிழமை அப்பவும் நான்தானுங்க வந்திருப்பேன். திங்கக்கிழமை சார் கேட்டப்ப, மனசுல இருந்தத எழுதுன சீட்டுத்தான்னு சொல்லிப்போட்டு நீங்க எனக்காகப் பேசியும் இருப்பீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். பின்வரிசைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே நிதானத்தில் சொன்னாள்.

"சரிதானுங்களே மேடம்?"

தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து ஒரு முறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.